கைமாறி வந்த டர்போ காரில் மிதித்தும் இழுக்காத மந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஒரு கணம் கழிந்த பிறகே கார் பாய்கிறது. இது கோளாறா, டர்போ கார்களுக்கு உரிய இயல்பா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். டர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சக்கரமும், அதே தண்டின் மறுமுனையில் இருந்துகொண்டு காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்னொரு சக்கரமும் ஆகும். புகை பெருகினால்தான் சக்கரம் வேகம் பிடிக்கும். சக்கரம் வேகம் பிடித்தால்தான் காற்று கூடும். காற்று கூடினால்தான் மேலும் எரிபொருள் எரிந்து புகை பெருகும். இந்தச் சுற்று தொடங்கி நிலைகொள்ளச் சிறிது நேரம் எடுத்தே தீரும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோதே கூடப் பிறந்த குணம் இது; அதன் பிறகு வந்த முன்னேற்றங்கள் இதைக் குறைத்தனவேயன்றி ஒழிக்கவில்லை.

இயல்பான தாமதத்திலும் இரண்டு உண்டு. எஞ்சின் மிகக் குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) இருக்கும்போது எவ்வளவு மிதித்தாலும் போதிய புகை கிடையாது. இன்றைய சிறிய பெட்ரோல் டர்போ எஞ்சின்கள் பெரும்பாலும் 1500 முதல் 2000 ஆர்பிஎம்முக்குள் முழு இழுவையை எட்டும், அதற்குக் கீழே உயர்ந்த கியரில் மிதித்துக் காத்திருப்பது ஓட்டுபவரின் தவறே தவிர காரின் தவறு அன்று. அந்த எல்லைக்கு மேலே மிதித்த பிறகும் அழுத்தம் ஏற எடுத்துக்கொள்ளும் சிறு இடைவெளிதான் டர்போ லேக். 2500 ஆர்பிஎம்மில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்து, இரண்டு மூன்று வினாடிகள் ஆகியும் முதுகு இருக்கையில் அழுந்தவில்லை என்றால், அதை இயல்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எந்தப் பகுதியில் தாமதம் என்று எப்படிப் பிரிப்பது?

மிதித்ததும் ஆர்பிஎம் முள்ளும் காரின் வேகமும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். முள் உடனே ஏறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் எஞ்சின் தன் வேலையைச் செய்துவிட்டது. கிளட்ச் வழுக்குகிறது, அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முடிவெடுக்கத் தயங்குகிறது. நியூட்ரலில் நின்றபடி மிதித்தாலும் முள் அரை மனதாகவே ஏறினால் பெடல், எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் உடல், அவற்றின் சென்சார்கள் ஆகியவற்றின் பக்கம் போகலாம். நியூட்ரலில் சுறுசுறுப்பாக இருந்து, சுமை ஏறும்போது மட்டும் சோர்ந்தால் பூஸ்ட் அழுத்தம் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்), எரிபொருள், பற்றவைப்பு, புகை வெளியேறும் பாதை ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: நிற்கும் காரில் ஆர்பிஎம் ஏறுவதைப் பல கார்கள் தாமாகவே மட்டுப்படுத்தும், ஆகவே அங்கே தெரியும் சோர்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பயன்படுத்திய கார் என்பதால் தனியாக எதைப் பார்க்க வேண்டும்?

முந்தைய உரிமையாளர் என்ன செய்தார் என்பதைத்தான். புதிதாக வாங்கிய காரில் கோளாறு என்றால் தேய்மானம் அல்லது தயாரிப்புக் குறை. கைமாறிய காரிலோ அவற்றோடு பிறருடைய கைவேலையும் சேர்ந்துகொள்கிறது. எண்ணெய் தடவிய பஞ்சு வகை ஏர் ஃபில்டர், காற்றை வெளியே விட்டு ஓசையெழுப்பும் புளோ ஆஃப் வால்வு, பெரிய சக்கரங்கள், கம்ப்யூட்டரில் மாற்றப்பட்ட நிரல் ஆகியவை இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். விற்பதற்கு முன்பு கழற்றப்பட்ட மாற்றங்களும் தடம் விட்டுச் செல்லும்: கம்பெனி கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் திருகு வைத்த சாதாரண கிளாம்ப், மற்றவற்றைவிடப் புதிதாகத் தெரியும் ஒற்றை ஹோஸ், பூட்டப்படாமல் தொங்கும் மெல்லிய ரப்பர் குழாய் போன்றவை.

சிரிப்பாகத் தோன்றினாலும் ஓட்டுநரின் காலடியில் உள்ள மேட்டையும், அதாவது கால்விரிப்பையும், எடுத்துப் பாருங்கள். கனமான மேட் பெடலுக்குக் கீழே மடிந்து கிடந்தால், தரையைத் தொடும்படி மிதித்ததாக நாம் நினைக்கும்போது பெடல் முக்கால் பங்குதான் இறங்கியிருக்கும். அதே மேட் நகர்ந்து பெடலைச் சிக்கவைத்தால் அது பெரிய ஆபத்து என்பதால், இழுவை எப்படியிருந்தாலும் அதைச் சரிசெய்ய வேண்டியதுதான்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே, பிறகும் கோளாறு இருக்குமா?

இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டர் தான் கேட்ட அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டி, குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் விளக்கை ஏற்றும். அந்த வரம்புக்குள் நிற்கும் சிறு கசிவு விளக்கை எழுப்பாமலேயே இழுவையைத் தின்றுகொண்டிருக்கும். விளக்கை எரியவைக்காமல் நினைவில் மட்டும் நிற்கும் பதிவுகளும் உண்டு என்பதால், விளக்கு எரியாத காரிலும் கம்ப்யூட்டரின் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்க்க வேண்டும். பி0299 என்ற குறி பூஸ்ட் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதையும், பி0234 அளவுக்கு மீறியது என்பதையும், பி0171 கலவையில் காற்று மிகுந்துவிட்டது என்பதையும், பி0101 காற்றளவு சென்சாரின் கணக்கு பொருந்தவில்லை என்பதையும் சொல்கின்றன. பி0299 வந்தவுடன் டர்போவைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரை விட்டுவிட்டு வர வேண்டாம். அந்தக் குறி விளைவைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

ஸ்கேனரில் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். குறிகளைப் படிக்க மட்டுமே பயன்படுவதாகப் பலர் நினைக்கும் அந்தச் சிறு கருவியின் உண்மையான மதிப்பு, ஓடும்போது வரும் எண்களைப் பதிவு செய்வதில்தான் இருக்கிறது.

முதலில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடாத நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும்; கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், 1500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 85. இதில் பெரிய வேறுபாடு இருந்தால் சென்சாரே பொய் சொல்கிறது, மேற்கொண்டு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. அடுத்து, அதே நிலையில் பெடலை மெல்ல அழுத்தி, பெடல் நிலையைக் காட்டும் எண் தடங்கலின்றிச் சீராக ஏறுகிறதா, இடையில் எங்கேனும் துள்ளுகிறதா என்று பாருங்கள். பெடலுக்குள் இரண்டு தனித்தனி அளவிகள் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும்.

பிறகு நெரிசலற்ற, நேரான, அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள் முடிக்கக்கூடிய சாலையில், அருகில் ஒருவர் கருவியைப் பார்த்துக்கொள்ள, மூன்றாம் கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 4000 வரை போக வேண்டும். பெடல் நிலை, த்ராட்டில் தகட்டின் நிலை, கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், காற்றளவு, பற்றவைப்பு நேரம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். கேட்ட பூஸ்ட் என்ற எண்ணைப் பொதுவான மலிவுக் கருவிகள் காட்டாமல் போகலாம். அந்தக் கம்பெனிக்கு உரிய செயலி தேவைப்படும். ஸ்கேனர் காட்டும் மேனிஃபோல்ட் அழுத்தம் முழு அழுத்தம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அது 180 கிலோபாஸ்கல் என்றால், வெளிக்காற்றின் 100 போக டர்போ தருவது 80, அதாவது 0.8 பார் மட்டுமே.

பெடல் 100 விழுக்காடு, த்ராட்டில் தகடு மட்டும் 40 விழுக்காடு என்று நின்றால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே தடுக்கிறது. ஏன் தடுக்கிறது என்று தேட வேண்டும். தகடு முழுதாகத் திறந்தும், கேட்டது 190, கிடைத்தது 140 என்றால் காற்று எங்கோ போய்விடுகிறது, அல்லது டர்போ சுற்றவில்லை. கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாக இருந்தும் இழுக்கவில்லை என்றால், பற்றவைப்பு நேரம் பின்வாங்கியிருக்கிறதா, எரிபொருள் அழுத்தம் சரிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்று கிளைகளில் கார் எதில் நிற்கிறது என்று தெரியும்முன் ஒரு பொருளைக்கூட மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காற்றளவை மனக்கணக்காலும் சோதிக்கலாம். 1.4 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் அது வினாடிக்கு 35 லிட்டர். டர்போ உதவி இல்லாவிட்டால் அந்தக் காற்றின் எடை ஏறத்தாழ 40 கிராம். மேனிஃபோல்டில் 180 கிலோபாஸ்கலும் 50 டிகிரி வெப்பமும் இருந்தால் 65 கிராமை ஒட்டி வரும். அழுத்தம் 180 என்று காட்டும்போது காற்றளவு 45 கிராமைத் தாண்டவில்லை என்றால் இரண்டில் ஒரு சென்சார் தவறு, அல்லது அளவியைத் தாண்டிய இடத்தில் கணக்கில் வராத காற்று உள்ளே வருகிறது.

காற்றுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சின் வரை செல்லும் பாதையை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எளிது. காற்றளவு சென்சார் உள்ள காரில், சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையே ஓட்டை இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே வரும். கலவை மெலிந்து, எரிபொருள் திருத்தம் (கலவையைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ தரும் அளவு) கூட்டல் பக்கம் போகும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே, அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உட்பட, ஓட்டை இருந்தால் அளந்து முடித்த காற்று வெளியேறும். பூஸ்டின்போது கலவை கொழுத்து, திருத்தம் கழித்தல் பக்கம் போகும். த்ராட்டிலுக்கு அப்பால் ஓட்டை இருந்தால் எஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சும், பூஸ்டின்போது ஊதும். ஆகவே ஒரே கார் இரண்டு முகம் காட்டும். முழு மிதியில் பல கார்கள் இந்தத் திருத்தத்தை நிறுத்திவிடும் என்பதால் மிதமான சுமையில் பார்க்க வேண்டும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் நம்பும், காற்றளவு சென்சார் இல்லாத கார்களில் த்ராட்டிலுக்கு முந்தைய கசிவு திருத்தத்தில் அவ்வளவாகத் தெரியாது. டர்போவைக் கூடுதலாக உழைக்கச் சொல்லும் கட்டளைதான் ஏறிக்கொண்டே போகும்.

கண்ணால் பார்த்து ஓட்டை இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதைச் செலவழித்துக் கற்றேன். மூன்றாவது கையாக என்னிடம் வந்த பெட்ரோல் காரில் பிளக், காற்றளவு சென்சார், பூஸ்ட் வால்வு என ஒவ்வொன்றாக மாற்றியும் மந்தம் போகவில்லை. கடைசியில் இன்டர்கூலரிலிருந்து மேலேறும் ரப்பர் ஹோஸின் அடிப்புறத்தில், கிளாம்ப் மறைத்த இடத்தை ஒட்டி, கைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. சும்மா நிற்கும்போது உதடுகள்போல மூடிக்கொண்டு, அழுத்தம் ஏறியதும் திறந்துகொள்ளும் கீறல். காரை நிறுத்தி பானட்டைத் திறந்து பார்த்தவர் யார் கண்ணுக்கும் அது படவில்லை. அந்த இடத்தைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்குதான் துப்பு. டர்போ பாதையில் இயல்பாகவே சிறிது எண்ணெய் ஆவி ஓடும் என்பதால், கசியும் இடம் ஈரமாகித் தூசியைப் பிடித்துக் கறுக்கும்.

உறுதியான வழி, டர்போவின் வாயை மூடியால் அடைத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகக் காற்றை மெல்லச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துக் குமிழி பார்ப்பதுதான். பெரும்பாலான கசிவுகள் 0.5 பாருக்குள்ளேயே சீறத் தொடங்கிவிடும். கார் வழக்கமாகத் தரும் பூஸ்டைத் தாண்டி ஏற்ற வேண்டிய தேவையில்லை. எஞ்சினின் உள்ளறையிலிருந்து வரும் சுவாசக் குழாயை அடைக்காவிட்டால் அழுத்தம் எண்ணெய் அறைக்குள் நுழைந்து சீல்களைப் பிதுக்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. வால்வு திறந்து நிற்கும் சிலிண்டர் வழியாகச் சைலன்ஸரில் கேட்கும் சீறல் கசிவு அன்று. புகை செலுத்திப் பார்க்கும் கருவி ஒர்க்‌ஷாப்பில் இருந்தால் அதுவும் நல்லதே, ஆனால் அதன் அழுத்தம் மிகக் குறைவு. நான் சொன்ன கீறலைப் போன்றவை அதில் தப்பிவிடும்.

டைவர்ட்டர் வால்வு கெட்டால் என்ன தெரியும்?

கால் எடுத்ததும் தேங்கும் அழுத்தத்தை மீண்டும் டர்போவின் வாய்க்கே திருப்பிவிடுவது அதன் வேலை. உள்ளே உள்ள மெல்லிய சவ்வு கிழிந்தால், பூஸ்ட் ஏறும்போதும் காற்று சுற்றிச் சுற்றி டர்போவுக்கே திரும்பும். வெளியே ஒரு கசிவும் இருக்காது, சோப்பு நீரிலும் குமிழி வராது. சவ்வுள்ள வகையில் கைப்பம்பினால் வெற்றிடம் கொடுத்துப் பிடித்தால் முள் இறங்காமல் நிற்க வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் வகையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

முந்தைய உரிமையாளர் ஓசைக்காகக் காற்றை வெளியே விடும் வால்வை மாட்டியிருந்தால், காற்றளவு சென்சார் உள்ள காரில் அது கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு தடுமாற்றத்தைக் கொடுக்கும். அளந்த காற்று வெளியே போய்விட, கம்ப்யூட்டர் அந்தக் காற்றுக்கும் சேர்த்து எரிபொருள் தெளிக்கிறது. பழைய வால்வையே திரும்ப மாட்டிவிடுவது நல்லது.

வேஸ்ட்கேட் என்பது என்ன? அதனால் மந்தம் வருமா?

அளவுக்கு மேல் பூஸ்ட் ஏறாதபடி புகையின் ஒரு பங்கை டர்போ சக்கரத்தைத் தொடாமல் வெளியேற்றும் கதவு அது. கதவு முழுதாக மூடாவிட்டால் புகை வீணாகும், டர்போ மெல்லத்தான் வேகம் பிடிக்கும். அச்சு தேய்ந்த கதவு, சும்மா ஓடும்போதோ காலை எடுக்கும்போதோ தகரம் நடுங்குவதுபோல் கிலுகிலுக்கும். அந்த ஓசை கேட்டால் இந்தப் பக்கம் முதலில் பாருங்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அழுத்தத்தால் திறக்கும் வகையில் சிறு ரப்பர் குழாய் கழன்றால் கதவு திறக்காது. பூஸ்ட் எகிறி, கம்ப்யூட்டர் பயந்து, பாதுகாப்புக்காக இழுவையைக் குறைத்துவிடும் லிம்ப் மோடுக்குப் போகும். வெற்றிடத்தால் மூடிவைக்கும் வகையில் அதே போன்ற குழாய் கழன்றால் கதவு திறந்தே கிடக்கும், பூஸ்டே வராது. ஒரே விதமான கோளாறுக்கு எதிரெதிரான விளைவுகள் என்பதால், காரில் எந்த வகை என்று தெரியாமல் அடுத்தவர் அனுபவத்தை அப்படியே பின்பற்ற முடியாது. வயதான காரில் இந்த மெல்லிய குழாய்களை எல்லாம் ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுவதில் தவறில்லை. மொத்த வேலையிலும் மலிவானது இதுவே.

காற்றளவு சென்சாரைச் சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும். உள்ளே இருப்பது சூடேறும் மெல்லிய இழை அல்லது படலம்; துணியோ பஞ்சோ படக் கூடாது, பிரேக் கிளீனரும் கார்புரேட்டர் கிளீனரும் அதன் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி, தெளித்து, தானாக நன்கு உலரவிட்டு மாட்ட வேண்டும். எண்ணெய் தடவிய ஃபில்டர் காரில் இருந்தால், அதை மாற்றாமல் சென்சாரை மட்டும் சுத்தம் செய்வது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதுதான்.

த்ராட்டில் உடலைச் சுத்தம் செய்தால் பிக்கப் கூடும் என்கிறார்களே?

ஓரளவுதான். கரி படிவது தகட்டின் விளிம்பில். அதன் பாதிப்பு சும்மா ஓடும்போதும், கால் வைத்த முதல் கணத்திலும்தான் தெரியும். முழுதாகத் திறந்த தகட்டில் விளிம்புக் கரியால் ஒன்றும் ஆகிவிடாது. நகரும்போது மட்டும் முதல் தொடுதலில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்து, பிறகு திடுக்கென்று பாய்ந்தால் சுத்தம் செய்வது பலன் தரும். துணியில் திரவம் நனைத்துத் துடைக்க வேண்டும். சாவி திருப்பிய நிலையில் விரலை உள்ளே விடக் கூடாது. மோட்டார் தகட்டை மூடினால் விரல் போய்விடும். சுத்தம் செய்தபின் கம்ப்யூட்டர் பழைய கரிக்கு ஏற்பக் கற்ற நிலையை மறந்து புதிதாகக் கற்க வேண்டும்; சில கார்கள் தாமே கற்கும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாகக் கட்டளை தர வேண்டும். டீசலில் இந்தத் தகடு வேகத்தைக் கட்டுப்படுத்துவதே இல்லை என்பதால் அங்கே இதில் மந்தத்துக்கு மருந்து தேடுவது அரிது.

ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டியது அவசியமா?

கைமாறி வந்த பெட்ரோல் டர்போ காரில், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால், மாற்றிவிடுங்கள். அடர்த்தியான காற்றில் பொறி தாவுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவை. ஆகவேதான் டர்போ எஞ்சின்களில் இடைவெளி குறைவாக, பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள், வைக்கப்படுகிறது. தேய்ந்து இடைவெளி பெருகிய பிளக் மெதுவாகப் போகும்போது ஒழுங்காக எரிக்கும். பூஸ்ட் ஏறியதும் பொறி அணைந்து கார் உதறும். உதறலோடு கூடிய மந்தத்துக்கு முதலில் பிளக், அடுத்து அதற்கு மின்னழுத்தம் தரும் காயில். சரியான இடைவெளி எவ்வளவு என்பதை அந்த எஞ்சினுக்கு உரிய கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வெயில் நேரத்திலும் நெரிசலிலும் மட்டும் மந்தமாக இருக்கிறது. ஏன்?

இன்டர்கூலர் வழியாகக் காற்று ஓடாதபோது அதுவே சூடாகி, எஞ்சினுக்குள் போகும் காற்று மெலிகிறது. சூடான காற்றில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடிப்பது) வரும் வாய்ப்பு கூடுவதால் கம்ப்யூட்டர் பற்றவைப்பைத் தள்ளிப்போடுகிறது. அதனால் இழுவை குறைகிறது. ஓரளவு இது எல்லா டர்போ கார்களிலும் உண்டு. ஆனால் கார் வேகமாக ஓடி ஐந்து நிமிடமாகியும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் வெளி வெப்பத்தைவிட மிக உயர்ந்தே நின்றால், இன்டர்கூலரின் முகத்தில் சேறும் பூச்சிகளும் அடைத்திருக்கின்றனவா, காற்றைத் திருப்பும் பிளாஸ்டிக் தடுப்பு கழன்றுவிட்டதா என்று பாருங்கள். எரிபொருள் மூடிக்குள் எழுதியிருக்கும் ஆக்டேனைவிடக் குறைந்த பெட்ரோலைப் போட்டாலும் இதே பின்வாங்கல்தான் நடக்கும்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களில் வால்வில் கரி படியும் என்பது உண்மையா?

உண்மை. பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வின் முதுகைத் தொடாததால் அதைக் கழுவ ஆளில்லை. சுவாசக் குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவி அங்கே வெந்து படிகிறது. அதே காரணத்தால் டேங்கில் ஊற்றும் மருந்துகள் அந்தக் கரியைத் தொடவே மாட்டா. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி உதிர்ப்பதே நடைமுறையில் உள்ள வழி. சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகு மட்டும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

டீசல் டர்போவில் இதே மந்தம் வந்தால்?

அங்கே குற்றவாளி பெரும்பாலும் கரிதான். பெரும்பாலான டீசல்களில் டர்போவுக்குள் திசைமாறும் சிறு இலைகள் வளையமாக நிற்கும். குறைந்த ஆர்பிஎம்மில் அவை நெருங்கிப் புகையின் வேகத்தைக் கூட்டும், கூடும்போது விலகும். எப்போதும் மெதுவாகவே ஓட்டப்பட்ட காரில் அவை கரியில் ஒட்டிக்கொள்ளும். விலகிய நிலையில் ஒட்டினால் கீழே இழுவை இராது; நெருங்கிய நிலையில் ஒட்டினால் மேலே பூஸ்ட் எகிறி லிம்ப் மோடு வரும், எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினால் சரியானதுபோல் நடிக்கும். இயக்கும் கம்பியைக் கையாலோ கைப்பம்பாலோ நகர்த்தி, முழு தூரமும் உறுத்தலின்றிப் போய்வருகிறதா என்று பார்க்கலாம்.

புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினால் மந்தத்தோடு கறும்புகையும் வரும். புகை வடிகட்டியான டிபிஎஃப் அடைத்தால் புகை தெரியாது, மூச்சுத் திணறும். அதன் முன்பின் அழுத்த வேறுபாடு சுத்தமான நிலையில், சும்மா ஓடும்போது, சில மில்லிபார்தான் இருக்கும். குறுந்தூரமே ஓடிய காரை வாங்கியவர்கள் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். பெட்ரோல் காரில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். முன்புற ஆக்சிஜன் சென்சாரின் துளையில் அழுத்தமானி வைத்து அளக்கலாம்.

பெடல் கண்ட்ரோலர் என்று விற்கும் சிறு பெட்டியை மாட்டலாமா?

அது பெடலின் சைகையை மிகைப்படுத்திச் சொல்கிறது, அவ்வளவே. நீங்கள் கால் பங்கு மிதிக்க, கம்ப்யூட்டருக்கு அரைப் பங்கு என்று கேட்கும். எஞ்சின் தரும் அதிகபட்ச இழுவை ஒரு துளியும் கூடாது. கசியும் ஹோஸை அது ஒட்டாது. எந்தக் கோளாறும் இல்லாத, கம்பெனியே மிக மென்மையாக அமைத்துவிட்ட காரில் அந்த உணர்வு பிடித்தால் மாட்டிக்கொள்ளுங்கள். கோளாறுள்ள காரில் மாட்டினால் நோயை மறைத்துவிடும். நிரல் மாற்றமும் அப்படித்தான்: முதலில் கார் கம்பெனி நிலையில் தன் முழு பூஸ்டைத் தருகிறது என்று பதிவில் காட்ட வேண்டும், பிறகு பேசலாம். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், மூல நிரலுக்குத் திருப்பிவிட்டுச் சோதனையைத் தொடங்குவது குழப்பத்தைக் குறைக்கும்.

கியர்பாக்ஸ்தான் காரணம் என்றால் என்ன செய்வது?

கையால் கியர் மாற்றும் வசதி ஆட்டோமேட்டிக்கில் இருந்தால், மூன்றாம் கியரில் பூட்டிவைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போது தாமதம் மறைந்தால் எஞ்சினை விட்டுவிட்டுக் கியர்பாக்ஸின் எண்ணெய், கிளட்ச் தேய்மானம், கற்றுக்கொண்ட அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

கடைசியில் டர்போவே கெட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

மேலே சொன்னவை எல்லாம் சரி என்று ஆன பிறகு, எஞ்சின் ஆறிய நிலையில் டர்போவின் வாய்க்குழாயைக் கழற்றித் தண்டைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிதளவு ஆட்டம் இருப்பது இயல்பே. ஓடும்போது எண்ணெய்ப் படலம் அந்த இடத்தை நிரப்பித் தண்டை மிதக்கவைக்கும். முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போது விரலுக்குத் தெரியும் அசைவு இருந்தாலோ, சக்கரத்தின் இலைகள் உறையை உரசிய கீறல் தெரிந்தாலோ, இலைகளின் விளிம்பு நைந்திருந்தாலோ, இன்டர்கூலர் குழாயில் பிசுக்காக இல்லாமல் எண்ணெய் தேங்கியே நின்றாலோ டர்போவின் காலம் முடிந்தது.

புதிய டர்போ போட்டுச் சில மாதங்களில் மீண்டும் அதே நிலை. ஏன்?

பழையது ஏன் இறந்தது என்று யாரும் கேட்கவில்லை. நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் வரை போகக்கூடிய தண்டை உயிரோடு வைப்பது எண்ணெய் ஒன்றுதான். எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய காரிலும், வேகமாக ஓடி வந்து உடனே அணைத்துவிடும் பழக்கத்திலும், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாய்க்குள் எண்ணெய் வெந்து கரியாகி வழியை அடைக்கும். அந்தக் குழாயையும், திரும்பிச் செல்லும் குழாயையும், அடைபட்ட சுவாச வால்வையும் அப்படியே விட்டுவிட்டுப் புதிய டர்போவை மாட்டினால் அதுவும் அதே பட்டினியில்தான் சாகும். பழைய டர்போவின் இலை உடைந்திருந்தால் துணுக்குகள் இன்டர்கூலருக்குள் இருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் எஞ்சினை இயக்கக் கூடாது. புதியதை மாட்டியபின், முதல் முறை இயக்கும் முன் அதன் எண்ணெய்த் துளையில் சிறிது எண்ணெய் ஊற்றிவிட்டு, எரிபொருளைத் துண்டித்த நிலையில் ஸ்டார்ட்டரை மட்டும் சில வினாடிகள் சுழற்றி, எண்ணெய் மேலே ஏற நேரம் கொடுக்க வேண்டும்.